உதைக்கக் கூடாத வண்டி

படுத்துக்கொண்டே ஓட்டக்கூடிய வண்டி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது. மல்லசமுத்திரத்தில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர். அதில் ஒரு வெள்ளைக்காரன் மோட்டார் சைக்கிள்மேல் குப்புறப் படுத்து, மோவாயைப் பெட்ரோல் டாங்கியில் பதித்து, கண்ணை மட்டும் திறந்துகொண்டு போய்க்கொண்டிருந்தான். எனக்குச் சிறு வயதிலிருந்தே படுத்துக்கொள்வதில் பிரியம் உண்டு. ஏர் ஓட்டும்போதுகூட அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தவன். படத்தைப் பார்த்ததும் பாதி முடியோடு எழுந்து வந்துவிட்டேன். மீதியை எப்போது வெட்டினார்கள் என்று ஞாபகம் இல்லை.

இது 1974. எனக்கு அப்போது ஆறு ஏக்கர் மேட்டுக்காடு, ஒரு கிணறு, கட்டிக்கொடுத்துவிட்ட ஒரு மகள், பெரியநாயகி என்று ஒரு மனைவி. புத்தி வர வேண்டிய வயது வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டிய ரேஸ் வண்டி, சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையின் பின்னால் பிரித்துப் போட்டபடி கிடந்தது. பட்டறைக்காரருக்கு வண்டி வேண்டாம், வீட்டுக்குப் பால் வேண்டும். எனக்குப் பால் வேண்டாம், வண்டி வேண்டும். காலையில் எங்கள் கறவை எருமையை ஓட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம் நாலு சாக்கு மூட்டையோடு வந்தேன்.

"ஏனுங்க, எருமை எங்கீங்க?" என்றாள் பெரியநாயகி.

"மாத்திப்போட்டேன்."

"எதுக்குங்க?"

"மோட்டார் சைக்கிளுக்கு."

அவள் ஒவ்வொரு மூட்டையையும் காலால் தட்டிப் பார்த்தாள். "இதுல எந்த மூட்டைங்க கறக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து பதினோரு மாதம் எனக்கு வரக்காப்பிதான்.

பருத்தி போட்டு வைக்கும் அறையைக் காலி செய்து சாக்குகளைக் கொட்டினேன். நாலாவது சாக்கில் இருந்தது வேறு ஏதோ வண்டியின் சாமான் என்பது ஏழாவது மாதம் தெரிந்தது. அதற்குள் அதில் பாதியைப் பூட்டியிருந்தேன். வண்டி ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனி ஆள் கிடையாது. இருப்பவர்கள் எல்லாம் லாரி ஆட்கள், இல்லாவிட்டால் கிணற்று எஞ்சின் ஆட்கள். காலண்டரில் உள்ளபடி கைப்பிடி தாழ்வாக வேண்டும் என்பதற்காக வீட்டு இரும்புக் கட்டிலின் ஒரு காலை அறுத்து வளைத்தேன். அடுத்த தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை அந்தக் கட்டிலிலிருந்து ராத்திரி மூன்று தடவை உருண்டார். நல்ல மனிதர், காரணம் கேட்கவில்லை. டாங்கியைத் தகர வேலைக்காரர் டீசல் டிரம்மிலிருந்து வெட்டி, சுரைக்காய் மாதிரி நீளமாகத் தட்டிக் கொடுத்தார். சீட்டை லாரி குஷன்காரர் தைத்தார். "தாராளமா மூணு பேரு உக்காரலாமுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அது ஒருவன் படுப்பதற்கு என்று அவருக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை. பெயிண்டரிடம் சும்மா சிவப்பு அடித்தால் போதும் என்றேன். லாரிக்கு அடித்து அடித்து, வெற்றிடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை நிற்காது. டாங்கியின் இரு பக்கமும் தாமரை, முன்னால் இரண்டு கண், பின் மட்கார்டில் 'ஒலி எழுப்பவும்'. மட்கார்டையும் காலண்டரில் உள்ளபடி ஒரு சாணாக அறுத்திருந்தேனா, எழுத்துக்கு இடம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்து சங்கிலி மூடிமேல் போயிற்று.

இதெல்லாம் சரி. புஷ்தான் என்னைக் கெடுத்தது.

எஞ்சினுக்குள் பிஸ்டனும் அதைத் தள்ளும் தண்டும் சேருகிற இடத்தில், பெரிய மெட்டி அளவுக்கு ஒரு வளையம் உண்டு. அதற்குப் புஷ் என்று பேர். அது தேய்ந்து போயிருந்தது. சங்ககிரியில் லேத் வைத்திருந்த ராசப்பன் என் சின்ன வயதுக் கூட்டாளி. கிணற்றுப் பம்பின் பழைய புஷ் ஒன்றை எடுத்துக் கடைந்து கொடுத்தான். அது ஊர் எல்லைக்கல் வரை தாங்கியது. இன்னொன்று கடைந்து கொடுத்தான். அது எல்லைக்கல்லிலிருந்து வீடு வரை தாங்கியது. மூன்றாவதைப் போட்டு ஓட்டியபோது, எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது புஷ்தான்.

"மாப்ள, இந்த வண்டிக்கு நம்மூர் பித்தளையெல்லாம் பத்தாது" என்றான் ராசப்பன். "கோயில் மணி வெங்கலம் இருந்தாப் பாரு. பேரன் காலத்துக்கும் தாங்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் யோசித்தேன்.

எங்கள் ஊரிலிருந்து சங்ககிரிக்குப் போகிற ரோட்டில் ஒரு வளைவு. வளைவில் புளியமரம், அடியில் முனியப்பன். லாரிகள் கவிழ்வதால் முனியப்பன் அங்கே வந்தாரா, முனியப்பன் இருப்பதால் கவிழ்கின்றனவா என்பது இன்னும் தீர்ப்பாகவில்லை. லாரிக்காரர்களின் குடும்பங்கள் வேண்டிக்கொண்டு அங்கே மணி கட்டுவார்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வரிசை வரிசையாக முன்னூறுக்கு மேல் தொங்கும். ஒவ்வொன்றிலும் லாரி நம்பர் கொத்தியிருக்கும். புருஷன் கல்கத்தாவுக்கோ அஸ்ஸாமுக்கோ லோடு ஏற்றிப் போயிருக்கும்போது, பெண்டாட்டி வெள்ளிக்கிழமை வந்து தன் மணியை ஆட்டிவிட்டுப் போவாள். மணி சத்தம் கேட்கிற வரைக்கும் சக்கரம் ரோட்டை விட்டு இறங்காது என்று அவர்களுக்கு நம்பிக்கை.

முன்னூறில் ஒன்று குறைந்தால் முனியப்பனுக்கே தெரியாது என்று நான் நினைத்தேன். ராத்திரியில் போகிறவன்தான் மாட்டிக்கொள்வான். நான் சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குப் போனேன். பூசாரி அம்மாசி புளியமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருப்பதிலேயே சின்ன மணி ஒன்று, இரண்டு கைப்பிடி அளவு. நாக்கைத் துண்டால் சுற்றிக் கட்டிக் கழற்றினேன். கும்பிட்டுவிட்டு வேறு வந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் காது சூடாகிறது.

வீட்டுக்குப் பின்னால் கரி உலை மூட்டி, மணியை உடைக்கத் திருப்பியபோதுதான் நம்பரைப் பார்த்தேன். 4417.

அது மயில்சாமி ஓட்டுகிற லாரி. மயில்சாமியின் பெண்டாட்டி பாவாயி, எங்கள் காட்டுக்குப் பக்கத்துக் காடு. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். என் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் அடுப்படியை விட்டு நகராதவள். இரண்டு வருஷத்துக்கு முன் மயில்சாமி நாக்பூர் பக்கம் லாரியோடு பள்ளத்தில் விழுந்து, ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தான். அதற்காகக் கட்டிய மணி. அப்போதும் அவன் கல்கத்தா லோடில் போயிருந்தான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். திரும்பப் போய்க் கட்டியிருந்தால் அம்மாசி குறட்டையைக்கூட நிறுத்தியிருக்கமாட்டார். நான் அடுப்பைப் பார்த்தேன், கரி நன்றாகப் பிடித்திருந்தது. பிடித்த கரி வீணாகிவிடுமே என்று நினைத்தேன். ஒரு மனிதன் என்னென்ன காரணத்துக்காகக் கெட்டுப்போகிறான் என்று யாராவது கேட்டால், கரி என்று நான் சொல்லுவேன். நாலு சில்லாக உடைத்து, உருக்குகிற மண் மூசையில் போட்டேன். நாலும் நாலும் ஒன்றும் கரைந்து போயின. ஏழு மட்டும் கொஞ்ச நேரம் மேலே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வார்த்த கட்டியை ராசப்பனிடம் கொண்டுபோனேன். அவன் சுண்டிப் பார்த்து, "அட, நல்ல சாமான். எங்க புடிச்ச?" என்றான்.

"பாத்திரக்கடைல."

புதன்கிழமை வண்டி பூட்டியாகிவிட்டது. ஓர் உதை. உடனே பிடித்துக்கொண்டது. புடுபுடு என்ற சத்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம், ணங், ணங், ணங் என்று. பிஸ்டன் ஏறி இறங்கும்போதெல்லாம் மணி அடித்தது. காரணம் என்ன என்று ராசப்பனுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை.

திருச்செங்கோடு போய்த் திரும்பி வந்தேன். வண்டியை நிறுத்தி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்த பிறகுதான் நான் கிளப்பிய புழுதி வந்து சேர்ந்தது. ஆனால் வழியெல்லாம் ஒரு சங்கடம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் கேட்டதும் எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். எதிரே வந்த ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். நான் குப்புறப் படுத்தபடி அவரைக் கடந்து போனேன். சாமி கும்பிடுகிறவர்களுக்கு நடுவே மல்லாந்தாலும் சரி, குப்புறவானாலும் சரி, படுத்துக்கொண்டு போவது நன்றாக இல்லை. வியாழக்கிழமையும் ஓட்டினேன். கோயில் இருக்கும் திசையில் மட்டும் போகவில்லை. பாவாயி தாய்வீட்டுக்கு எடப்பாடி போயிருந்ததால் அவள் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். நேரே கோயிலுக்குப் போனாள். வெறும் கொக்கியைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. என் வண்டிச் சத்தத்தையும் காணாமல் போன மணியையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தாம்பாளத்தில் சூடம் ஏற்றி, வீட்டுக்கு ஒருவர் வந்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. என் முறை வந்தபோது பாவாயி குறுக்கே வந்துவிட்டாள்.

"சென்னியண்ணனை எதுக்குங்க சத்தியம் பண்ணச் சொல்றீங்க? அவரா எடுப்பாரு? என்ற புள்ளைக அவரு ஊட்டு எருமை பாலுல வளந்ததுங்க."

எருமை போன விஷயம் அவளுக்கும் தெரியும். இருந்தும் சொன்னாள். நான் சூடத்தின்மேல் கை வைத்தேன். "எங்க ஊட்டுல மணின்னு ஒண்ணு இல்லீங்க" என்றேன். பொய் இல்லை. புஷ்தான் இருந்தது. வக்கீலுக்குப் படித்தவன்கூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். உள்ளங்கையில் ஒரு கொப்புளம் வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை.

கடைசியாக அம்மாசி. அவர் கையை நீட்டவில்லை.

"நான் எடுக்கலீங்க. ஆனா என்ற காவல்ல இருந்தது போச்சு. பகல்ல ஒருக்கா கண்ணசந்தனா இல்லையான்னு எனக்கே தெரியல. தெரியாதப்ப எப்புடீங்க சத்தியம் பண்றது?"

"அப்ப நீதான் எடுத்திருக்கோணும்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஒருவர் சொன்னால் பத்துப் பேர் சொல்லுவார்கள். அம்மாசி திருநீற்றுத் தட்டைக் கழுவி, முனியப்பன் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, எடப்பாடியில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று நடந்தே போனார். கூட்டத்தில் நானும் நின்றேன். அவர் முதுகு வளைவு தாண்டி மறைகிற வரைக்கும் பார்த்தேன். வாயைத் திறக்க எனக்கு முழுசாகப் பத்து நிமிஷம் இருந்தது.

வண்டியைப் பருத்தி அறைக்குள் தள்ளி, சாக்கு போட்டு மூடினேன்.

மயில்சாமி எப்போதும் போகிற இடத்திலிருந்தெல்லாம் ஒரு கார்டு போடுவான். இந்தத் தடவை கார்டு வரவில்லை. பாவாயி தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு எங்கள் வேலியோரம் வந்து நிற்பாள். சேலம் போய் ஒரு புது மணி வாங்கி, நம்பர் கொத்தி, யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கொக்கியில் மாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஓடிப்போய் ஆட்டினாள். ஒரு தடவைதான். மறு தடவை ஆட்டவில்லை.

"இது என்ற மணி இல்லீங்க" என்று என்னிடமே வந்து சொன்னாள். "ஆரோ பாவம் பாத்து மாட்டியிருக்காங்க. இதை ஆட்டுனா அவுருக்குக் கேக்காதுங்ண்ணா."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஏனுங்ண்ணா, சங்ககிரி லாரி ஆபீசுல போய் ஒரு வார்த்தை கேட்டா லாரி எங்க நிக்குதுன்னு சொல்லிப்போடுவாங்கல்லங்க? பஸ்ஸு போய்டுச்சு. உங்க வண்டீல கூட்டிட்டுப் போறீங்களா?"

"அது ரிப்பேருங்க அம்முணி" என்றேன்.

உள்ளிருந்து பெரியநாயகி வந்தாள். "என்ன ரிப்பேரு? எருமையக் குடுத்து வாங்குன வண்டி, ஒரு ஆத்திர அவசரத்துக்கு உதவாதுன்னா அதைக் கொண்டுபோய்க் கெணத்துல தள்ளுங்க. அந்தப் புள்ள நிக்கற நெலமை தெரியல?"

"கார்பரேட்டர்ல அடைப்பு…"

"எடுங்க வெளிய!"

எடுத்தேன். அடைப்பு ஏதாவது இருக்க வேண்டுமே என்று எல்லா சாமியையும் வேண்டினேன், அந்த முனியப்பனையும் சேர்த்து. உதைப்பது போல் மெல்ல ஓர் உதை உதைத்தேன். எருமை நக்கினாற்போல. அந்தப் பாழாய்ப்போன வண்டி அதற்கே பிடித்துக்கொண்டது.

ணங், ணங், ணங்.

பாவாயி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஏறுவதற்காகக் காலைத் தூக்கியவள், அப்படியே நின்றாள். காலைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். முகம் ஒரு நிமிஷம் மலர்ந்து போயிற்று. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்புறம் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தாள்.

நான் வண்டியை நிறுத்தினேன்.

"எங்கீங்ண்ணா வெச்சிருக்கீங்க?"

எஞ்சினைக் காட்டினேன்.

"வெளிய எடுத்துக் குடுத்துருங்க."

"மணியா இல்ல அம்முணி. உருக்கி… கடைஞ்சு… உள்ள பூட்டிப்போட்டேன்."

"என்ற நம்பரு இருந்துச்சே, பாக்கலீங்களா?"

"பாத்தேன்."

பாவாயி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாமரையை, கண்ணை, அந்த ஒரு சாண் மட்கார்டை. அவள் பார்வை கீழே இறங்கி, நான் மிதிக்கிற அந்த இரும்புக் கட்டையில் வந்து நின்றது.

"சாமி மணியக் காலாலயா உதைச்சீங்க?"

அவள் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அதுவரைக்கும் அது தோன்றவே இல்லை. திருடியது தெரியும், உருக்கியது தெரியும், பொய்ச்சத்தியம் தெரியும். உதைத்தது தெரியாது. நாற்பத்தெட்டு வயது ஆள், தெருவில் நின்றுகொண்டு குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இதுமேல உக்காரவும் மாட்டேன். நீங்களும் உக்காரக் கூடாது" என்றாள். "கோயிலுக்குத் தள்ளிட்டு வாங்க. நேரமாச்சு, மணி ஆட்டோணும்."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். முக்கால் மைல் இருக்கும். அதற்குள் எப்படித்தான் தெரிந்ததோ, ஊரே வேலியோரம் நின்றது. "என்னுங்க சென்னியப்பண்ணா, ரேஸா?" என்று ஒருவன் கேட்டான். கோயில் வந்ததும் அவள் ஓரமாக நின்றுகொண்டு, "ஆட்டுங்க" என்றாள். உதைக்கக் கூடாது, ஏறக் கூடாது. கியரில் போட்டுத் தள்ளிக்கொண்டே ஓடினேன். முதல் சுற்றில் பிடிக்கவில்லை. கோயிலை மூன்றாம் சுற்று சுற்றும்போது வேட்டி அவிழ்ந்தது, வண்டி பிடித்தது. இரண்டு கையும் கைப்பிடியில். வண்டியை விட்டால் மணி நிற்கும். வேட்டியை விட்டேன்.

ணங், ணங் என்று அடித்துக்கொண்டேயிருந்தது. பாவாயி கண்ணை மூடிக் கும்பிட்டாள். முனியப்பன் கண்ணைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே எடப்பாடிக்குப் பஸ்ஸில் போனேன். அம்மாசி ஒரு தறிக் குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்திருந்தார். உள்ளே நாற்பது விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதுக்குள் சொன்னேன். "ஆ?" என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "என்னுங்க?" என்றார். நாலாவது தடவை, அடிவயிற்றிலிருந்து, "முனியப்பன் மணியத் திருடுனது நாந்தானுங்க!" என்று கத்தினேன். அந்த நொடியில் கரண்ட் போயிற்று. நாற்பது தறியும் நின்றது. நாற்பது நெசவாளியும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "நல்லாக் கேட்டுச்சுங்க" என்றாள்.

அம்மாசி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"எத்தனை மணிக்குங்க எடுத்தீங்க?"

"பகல் பன்னெண்டு மணி."

"நான் அப்பத் தூங்கிட்டிருந்தனுங்களா?"

"ஆமாங்ண்ணா."

"கொறட்டை?"

"உட்டீங்க."

"அப்ப நான் சத்தியம் பண்ணாதது சரிதான்" என்றார் அவர், ஒரு பாரம் இறங்கின மாதிரி. "என்ற மேலயும் பாதி இருக்குது." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்தப் பாதியை அவர் விட்டுத் தரவில்லை. முழுசாகக் குற்றவாளியாக இருக்கும் மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த புது வேட்டியை அவருக்குக் கொடுத்துப் பஸ்ஸில் கூட்டி வந்து, திருநீற்றுத் தட்டை நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். ஊர் முன்னால் அவர் காலில் விழுந்தேன். குப்புறப் படுப்பது எனக்குப் பிடித்த காரியம்தான். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் மயில்சாமி வந்து சேர்ந்தான். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அவன் லாரி டிரைவர். ஒரிசாவில் ஒரு பொட்டல் காடு. ஒரு சனிக்கிழமை பகல், சூரியன் உச்சியில் இருக்கும்போது லாரி நின்றுவிட்டது. டீசல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. மூன்று மெக்கானிக் வந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுக் குறையோடு விட்டுவிட்டுப் போனார்கள். கார்டு போடுவதற்கு அங்கே தபால்பெட்டிகூட இல்லை. இருபது நாள். இருபதாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் கிளீனர் சும்மா சாவியைத் திருப்பினான், பிடித்துக்கொண்டது.

"என்னவோ தூரத்துல மணி கேட்டாப்புல இருந்துச்சுங்க மச்சான்" என்றான். "நீங்க என்ன பண்ணுனீங்க ஏது பண்ணுனீங்கன்னு நான் கேக்க வரல. இந்த எஞ்சினை மட்டும் பிரிச்சுப்போடாதீங்க. நான் லாரிய உடற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமத் தள்ளிட்டுப் போய் ஆட்டிப்போடுங்க. நீங்க ஒரு வாரம் தவறுனா நான் ரோட்டுல நிக்கோணும், பாத்துக்குங்க."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாவாயி சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், "காப்பி குடிச்சீங்களாண்ணா" என்று மறுபடி கேட்டாள். அன்றைக்குப் பெரியநாயகி அழுதாள். நான் மாடு பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

வருஷா வருஷம் தையில் மயில்சாமி, "இந்த வருசத்தோட லாரிய உட்டுடறேன் மச்சான்" என்பான். பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, விடவில்லை. நானும் விடவில்லை. ராசப்பன் சொன்னது சரிதான், புஷ் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டு ரேஸில் எல்லாரும் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்வார்களாம், அதையும் அவன்தான் சொன்னான். ஆறுதலுக்குச் சொல்லியிருப்பான்.

வேறொரு கஷ்டம் உண்டு. லாரிக்காரர்கள் நல்லவர்கள். சிவப்பு ரேஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவன் ரோட்டில் போனால், பார்த்துக்கொண்டு போகமாட்டார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது ஒருவர் நிறுத்துவார். போன வாரமும் ஒரு புது டிரைவர் நிறுத்தி இறங்கி வந்தான், கயிறும் கையுமாக.

"ஏனுங்க சாமி, வண்டி ரிப்பேருங்களா? தூக்கிப் போடுங்க, கொண்டுபோய் எறக்கி உடறேன்."

"வேண்டாமுங்க. பக்கந்தான்."

"எத்தனை நாளாங்க இப்புடி?"

"பதினஞ்சு வருசமாச்சுங்க."

அவன் குனிந்து எஞ்சினைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான், பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். "எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. எதுலீங்க கோளாறு?"

"வண்டி நல்லாத்தாங்க இருக்குது" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல நேரமில்லை, வளைவில் பாவாயி காத்துக்கொண்டு நின்றாள். வேட்டியை இழுத்து இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.